சுழி பார்த்து வாங்குடா, பேராண்டி

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. பட்டணத்துல டிசைன் படிச்சுட்டு வந்து எழுத்து முறுக்கு விக்கப் போறியாம்ல? உங்க அப்பத்தா சொன்னா. நேத்து நீ சுட்ட ‘ழ’ ஒண்ணையும் கொண்டாந்து கையில குடுத்தா. வாலு கருகிப்போச்சு, வயிறு வேகலை, நடுவுல இருந்த ஓட்டை மாவு உப்பி அடைச்சுக்கிச்சு. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் நண்டுதான் தெரிஞ்சுச்சு. நம்ம ஊர்க்காரன் வாயிலயே வேகாத எழுத்துடா அது, எண்ணெயிலயா வேகப்போகுது? ஆனா ருசியில குறை சொல்ல முடியாது. நண்டைத் தின்னு முடிச்சுட்டுத்தான் பேசுறேன்.

என்னமோ பண்டத்துல எழுத்து போடுறதை நீதான் கண்டுபிடிச்ச மாதிரி துள்ளுறியே! நம்ம கீழடியில தோண்டி எடுத்த பானை ஓட்டுல 56 துண்டுல எழுத்து இருக்குன்னு 2019ல தொல்லியல் துறை அறிக்கையே போட்டாச்சு. ஒண்ணுல ‘ஆதன்’, இன்னொண்ணுல ‘குவிரன்’னு பேரு. சோத்துப்பானையோ தண்ணிப்பானையோ, பேரைக் கீறி வச்சிருக்கான். பக்கத்து வீட்டுக்காரியை அவனுக்கும் தெரிஞ்சிருக்கும் போல. அந்த எழுத்தைப் போய்ப் பாரு, பூராவும் கோடு. பானையில கீறினா கோடுதானே வரும்? பிறகு பனையோலைக்கு வந்தப்ப, நேர்கோடு இழுத்தா ஓலை கிழியுதேன்னு வளைச்சு வளைச்சு எழுதினான். அழுத்திக் குத்தினா பொத்தல் விழுதுன்னு புள்ளியையே விட்டுட்டான். பானைக்கு ஒரு எழுத்து, ஓலைக்கு ஒரு எழுத்துன்னு ஆச்சு. எண்ணெய்ச்சட்டிக்கு எந்த எழுத்துன்னு சட்டியைக் கேட்டியா? கம்ப்யூட்டரைத்தானே கேட்ட?

கைமுறுக்குச் சுத்துற பொம்பளைககிட்டப் போய் ஒரு வாரம் உக்காரு. அவுக கணக்கெல்லாம் சுத்துக் கணக்கு, அஞ்சு சுத்து, ஏழு சுத்துன்னு. எழுத்துலயும் அதே கணக்குதான். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. கை அசந்து ஒரு சுத்து கூடிப்போச்சுன்னா மனம் மணமாயிரும். கல்யாண வீட்டு ஆர்டர்னா தப்பிச்சுக்குவ. மாடு வாங்குறவன் சுழி பார்க்காம அட்வான்ஸ் குடுப்பானா? எழுத்து விக்கிறவனுக்கும் அந்தக் கண்ணு வேணும்ல.

ஆய்த எழுத்தை மட்டும் உழக்குல போட்டுப் பிழியாத. மூணு சீடை உருட்டி வச்சா முடிஞ்சுது. வெடிச்சா மூஞ்சியைத் திருப்பிக்க.

எழுத்து வெளையாடினதை நான் பாத்திரக்கடையிலதான் பார்த்திருக்கேன். எவர்சில்வர் குடம் வாங்கினா சும்மாவே பேர் வெட்டிக் குடுப்பாக. கையில ஒரு மிசினு, காதுக்குள்ள கொசு போன மாதிரி டர்ருன்னு கத்தும். எங்க மச்சினன் கல்யாணத்துக்கு ஒரு அண்டா வாங்கி ‘அன்பளிப்பு’ன்னு வெட்டச் சொன்னேன். அந்தப் புண்ணியவான் ளி போடுற இடத்துல லி போட்டு ‘அன்பலிப்பு’ன்னு வெட்டிட்டான். பலி! திருத்தணும்னு கடைவாசல் வரைக்கும் திரும்பிப் போனேன். மாப்பிள்ளை மூஞ்சி நெனப்பு வந்துச்சு. சரி, எழுத்து அதுபாட்டுக்கு உண்மையைச் சொல்லட்டும்னு அப்படியே தூக்கிட்டுப் போய் மொய் எழுதுற எடத்துல வச்சுட்டேன். இன்னைக்கும் அவுக வீட்டு விசேஷத்துல அதுலதான் பாயாசம்.

என் பேரு சமாச்சாரம் தெரியுமா உனக்கு? அண்ணாமலை. உள்ள கெடக்குற பித்தளைப் போணியில உளியால வெட்டுன பழைய எழுத்து. ணாவுக்குத் துணைக்கால் கெடையாது, அது பாட்டுக்குச் சுருண்டு படுத்திருக்கும். லைக்குத் தலைக்கு மேல தும்பிக்கை வளைஞ்சு நிக்கும். சின்னப் புள்ளையில அதைப் பார்த்துட்டு ‘தாத்தா, யானைப் போணி’ன்னு கூப்பிட்டவன்தான் நீயி. பெரியார் 1935லயே ‘குடி அரசு’ல அந்தச் சுருளையெல்லாம் நிமித்திட்டாரு. 1978ல எம்.ஜி.ஆர். சர்க்கார் அதை ஆணையாவே போட்டுச்சு. மொத்தம் திருத்தினது 13 எழுத்து. அதுல என் ஒருத்தன் பேர்லயே ரெண்டு! அச்சுக் கோக்குறவனுக்குச் சொகம், பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குச் சொகம், ஒத்துக்கிறேன். ஆனாலும் ஓட்டர் லிஸ்ட்டுல என் பேரைப் பார்க்குறப்ப காதறுத்த ஆடு மாதிரித்தான் நிக்குது.

அதனால நாளைக்கு அடுப்பு மூட்டினா, முதல் ஈடு என் பேருல போடு, பழைய லையோட. தும்பிக்கையைத் தடிமனாப் பிழி, மெல்லிசா இழுத்தா வாலு மாதிரி அதுவும் கருகும். எப்படியும் உன் கைக்கு ரெண்டு மூணு தும்பிக்கை முறியத்தான் செய்யும். அதை வீசிப்புடாத. எனக்குப் பல்லு நாலுதான் இருக்கு, தும்பிக்கை அளவுக்குத் தாங்கும்.