எட்டு மில்லிமீட்டர் பப்ஸ்

பொம்மை வீட்டுத் தின்பண்டங்கள் செய்யப் பயன்படும் பாலிமர் களிமண், பெயரில் மண்ணைத் தாங்கியிருந்தாலும் கண்மாயில் வெட்டி எடுத்ததன்று. தண்ணீர்க் குழாய்க்கு மூலப்பொருளாகிய பி.வி.சி.யோடு அதை நெகிழவைக்கும் பொருளையும் நிறத்தையும் சேர்த்துப் பிசைந்ததே அது என்பதால், அதில் செய்த கேக்கைத் தின்னத் துணிபவர் ஒருவகையில் மொட்டைமாடித் தொட்டியின் குழாயைக் கடிப்பவரே ஆவார்.

இக்கலையில் பெரிதும் வழங்கும் அளவு விகிதம் 1:12, அஃதாவது மெய்யான வீட்டின் ஓர் அடி பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். புது தில்லியை வடிவமைத்த எட்வின் லுட்யன்ஸ், இங்கிலாந்தின் மேரி அரசிக்கென வடிவமைத்து 1924-இல் நிறைவுற்ற பொம்மை மாளிகையும் இவ்விகிதத்தில் அமைந்ததே. அதன் நிலவறைச் சீசாக்களில் மெய்யான மதுவே ஊற்றப்பட்டிருந்தது. தலைநகரத்தை வரைந்த கையே பொம்மைக்கும் மது வைக்க இடம் ஒதுக்கியது என்றால், சின்னஞ்சிறு பொருள்மீது மனிதர் கொள்ளும் பித்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

போடிநாயக்கனூர் பேக்கரியில் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள முட்டை பப்ஸ், மேற்சொன்ன விகிதத்தில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பன்னிரண்டில் ஒன்றாவதால், ஒரு மெய்யான பப்ஸின் பருமனுக்குள் 1,728 பொம்மைப் பப்ஸ்கள் அடங்கும். பிற ஊரார் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். ஆனால் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று ரகம் பிரித்து, அந்த ஒரு மில்லிமீட்டருக்காக ஏலத்தில் விலையை ஏற்றிக் கேட்கும் போடியில், அது சிரிப்பதற்குரிய அளவன்று. பப்ஸுக்கு மட்டும் ஏலம் கேட்பார் இல்லை.

செய்முறையோ மெய்யான பேக்கரியைவிடக் கடினமானது. மைதா மாவு அடுப்பில் தானே பொங்கி அடுக்கு விரிக்கும். இந்த மண் பொங்காது என்பதால், ஒவ்வோர் அடுக்கையும் ஊசி முனையால் கீறி, மேற்பரப்பில் பழைய பல் துலக்கியைத் தட்டிச் சொரசொரப்பேற்றி, வண்ணச் சாக்கைச் சுரண்டிய பொடியைத் தூரிகையால் தடவிக் கருகல் நிறத்தையும் பொய்யாக வரவழைக்க வேண்டும். பின்னர் அதை ஓவனில், வகைக்கேற்ப 110 முதல் 130 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ அரை மணி நேரம் சுட வேண்டும். இக்கட்டுரையாளர் பப்ஸ் என்ற சொல்லை நம்பி 200 டிகிரியில் வைத்ததன் விளைவாக, பொய்க் கருகல் மெய்க் கருகலாயிற்று. மூக்கைத் துளைக்கும் புகையால் வீட்டார் அனைவரும் தெருவுக்கு வந்தனர்.

பக்கத்துப் பொட்டிபுரத்திலோ, எடை இல்லாதது போன்ற நியூட்ரினோ என்னும் துகளைக் காண மலையைக் குடைந்து 50,000 டன் இரும்புக் கருவி அமைக்கத் திட்டமிடப்பட்டதும் அதற்கு எதிர்ப்பு எழுந்ததும் யாவரும் அறிந்தவை. அதனோடு ஒப்பிட, 8 மில்லிமீட்டர் பப்ஸுக்கு ஓர் ஓவன், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, மூன்று ஊசிகள் என்பது சிக்கனமே என்று வாதிடப்பட்டது. வீட்டில் எதிர்ப்பு தணியவில்லை.

தமிழுக்குப் பொம்மை வீடு புதிதன்று. சிறுமியர் மணலில் கட்டும் வீட்டைச் சிற்றில் என்றும், அங்குச் சமைப்பதாகப் பாவிக்கும் உணவைச் சிறுசோறு என்றும் பழந்தமிழர் வழங்கினர். அதைக் காலால் உதைத்துக் கலைக்கும் சிறுவனுக்காகவே ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று தனிப்பகுதி ஒதுக்கப்பட்டிருப்பதால், கட்டுபவரைவிடக் கலைப்பவருக்கே இலக்கியத்தில் மதிப்பு அதிகம் எனத் தோன்றுகிறது.

இரண்டாம் முயற்சியில் தேறிய ஆறு பப்ஸ்களும் நவராத்திரிக் கொலுவில், அரிசி, பருப்பு, வெல்லம் பரப்பி அமர்ந்திருந்த செட்டியார் பொம்மையின் கடையில் வைக்கப்பட்டன. வந்தவர்கள் மெய்யானவை போலவே இருப்பதாகப் பாராட்டினர். எறும்புகள் மூன்றாம் நாள் வந்து, பப்ஸ்களைச் சுற்றிக்கொண்டு போய், வெல்லத்தை மட்டும் எடுத்துச் சென்றன.