சம்பந்தி வீட்டு வம்சாவளி

எங்கள் ஊர் பொறையாறு. பக்கத்தில் தரங்கம்பாடி. 1620-இல் அங்கே வந்து கோட்டை கட்டி உட்கார்ந்த டேனிஷ்காரர்கள், 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்றுதான் ஊரில் எல்லோரும் இருந்தோம். என் மகள் அமெரிக்காவில், ஒமாஹாவில் வேலைக்குச் சேர்ந்து, டேனிஷ் வம்சத்து ஐயோவா பையனைக் கல்யாணம் செய்துகொள்கிற வரைக்கும்.

சம்பந்திக்கு எல்க் ஹார்ன் பக்கம் மக்காச்சோள வயலும் பன்றிப் பண்ணையும். 1848-இல் டென்மார்க்கில் கட்டிய காற்றாலை ஒன்றைப் பிரித்துக் கப்பலேற்றி, 1976-இல் அந்த ஊரில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்து கிம்பல்டனில் கடல்கன்னி சிலைகூட உண்டு, கடல்தான் இல்லை. காற்றாலையையே பெயர்த்துக் கொண்டுவந்த ஜனங்களுக்குக் கொள்ளுத் தாத்தா எந்த ஊர்க்காரர் என்பது மட்டும் தெரியாது. கேட்டால் கோபன்ஹேகன் என்பார்கள். கப்பலேறிய ஊரே பூர்வீகமாகிவிட்டது. வெளிநாட்டில் யார் கேட்டாலும் "மெட்ராஸ்" என்று சொல்லி முடித்துக்கொள்கிற நமக்கு இதில் சிரிக்க யோக்கியதை இல்லை.

கல்யாணம் ஆன புதிதில், தொண்ணூறுகளில், மூதாதையர் தேடுவது உடம்பு நோகிற வேலை. மார்மன் சபையார் டென்மார்க்கின் தேவாலயப் பதிவேடுகளைப் படமெடுத்து சால்ட் லேக் சிட்டியில் வைத்திருந்தார்கள். படிவம் எழுதி, சில டாலர் கட்டினால், அந்தப் படச்சுருள் வாரக்கணக்கில் கழித்து உள்ளூர் சபைக் கட்டடத்துக்கு வரும். சம்பந்தி என்னையும் துணைக்கு இழுத்துப் போவார். இருட்டறையில் அவர் கைப்பிடியைச் சுற்ற, பக்கங்கள் திரையில் ஓடும். எல்லாம் கோதிக் கையெழுத்து. டென்மார்க் பள்ளிகளே 1875-இல் கைவிட்ட எழுத்து அது. தேதியும் நேராக இருக்காது. பழைய பாதிரியார்கள் 'திரித்துவ ஞாயிறுக்குப் பின்வரும் மூன்றாம் ஞாயிறு' என்று எழுதிவைத்திருப்பார்கள். சம்பந்தி பல்லைக் கடிப்பார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. என் பிறந்தநாளை எங்கள் பாட்டி கடைசிவரை 'கடைமுழுக்குக்கு மறுநாள்' என்றுதான் சொன்னாள்.

அவரை உண்மையில் அழவைத்தது பெயர்கள். ஹான்ஸின் மகன் யென்ஸ் என்றால் அவன் யென்ஸ் ஹான்சன். மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர் வைப்பது வழக்கம் என்பதால் அவன் மகன் ஹான்ஸ் யென்சன். அவனுக்குப் பிறப்பவன் மறுபடியும் யென்ஸ் ஹான்சன். ஒரே ஊரில் இப்படி நாலு வீடு இருந்தால் கதை முடிந்தது. குடும்பத்துக்கு நிலையாக ஒரு பெயர் வையுங்கள் என்று 1828-லேயே அரசாங்கம் உத்தரவு போட்டது. கிராமத்து ஜனங்கள் அதைப் பல பத்தாண்டுகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அப்பாவுக்கு ஒரு சர்நேம், பிள்ளைக்கு வேறொரு சர்நேம், இது என்ன குடும்பம்?" என்று சம்பந்தி புலம்பியபோது நான் என் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். என் அப்பா பெயர் எனக்கு சர்நேம், என் பெயர் என் மகளுக்கு சர்நேம். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு நிபுணர் மரியாதை.

இப்போது அந்தச் சிரமமெல்லாம் இல்லை. சுருளை வரவழைக்கும் ஏற்பாடு 2017-இல் நின்றுபோனது. டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகம் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. ஆனால் பதிவேட்டை யார் படிக்கிறார்கள்? முகம் தெரியாத யாரோ போட்ட வம்சாவளியிலிருந்து ஒரு கிளையை ஒடித்து நம்முடையதில் ஒட்டிக்கொள்ள ஒரே க்ளிக் போதும். சம்பந்தி சோபாவில் சாய்ந்தபடியே ஒரு குளிர்காலத்தில் பத்தாம் நூற்றாண்டு கோர்ம் மன்னர்வரை போய்விட்டார். விசாரித்தால், அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் அவர்தான் பாட்டனார். நடுவில் ஒரு அம்மாள் செத்து மூன்று வருஷம் கழித்துப் பிள்ளை பெற்றிருந்தாள். அதையும் அறுபது எழுபது பேர் நகலெடுத்திருந்தார்கள். எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் ரத்தத்தில் எத்தனை சதவீதம் டேனிஷ் என்று சொல்கிற சோதனையும் செய்துகொண்டார். கம்பெனி கணக்கைத் திருத்தும் போதெல்லாம் அவருடைய டேனிஷ்தனம் பங்குச்சந்தை மாதிரி ஏறி இறங்குகிறது.

கடைசியில் காரியத்தை முடித்துக் கொடுத்தது போலீஸ். கப்பல் ஏஜெண்டுகள் ஏழைகளை ஏமாற்றாமல் இருக்க 1868-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 1869 முதல் கோபன்ஹேகன் போலீஸ் ஒவ்வொரு பயண ஒப்பந்தத்தையும் பதிந்துகொண்டது: பெயர், வயது, தொழில், கடைசியாக இருந்த ஊர், போகும் இடம். அதில் யென்ஸ் ஹான்சன்கள் மூட்டை மூட்டையாக இருந்தார்கள். அத்தை வீட்டுப் பரணில் கிடந்த பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்த ஊர்ப் பெயரை வைத்து நம்மவரைப் பிடித்தோம். லாங்கலன் தீவுக்காரர். பண்ணை வேலையாள்.

ஊர் தெரிந்ததும் பதிவேடு வாயைத் திறந்தது. சாதாரணப் பதிவேடா அது! 1814 வாக்கில் வந்த விதிப்படி பாதிரியார் ஒரு பிரதி, கோயில் கணக்கர் இன்னொரு பிரதி எழுத வேண்டும். தீப்பிடித்தால் இரண்டும் போய்விடும் என்று, இரண்டு பிரதிகளும் இரவில் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. அந்தப் புண்ணியத்தால், விடலைப் பிள்ளைகளைப் பாதிரியார் வேதபாடத்தில் சோதித்துச் சபையில் சேர்க்கும் திடப்படுத்தல் சடங்கில் நம்மவருக்கு எழுதிய பதிவு அப்படியே இருந்தது. பிறந்த தேதி, அம்மை குத்திய தேதி, குத்திய டாக்டர் பெயர், பிறகு பாதிரியார் போட்ட மார்க். கொள்ளுத் தாத்தா லத்தீனில் பைபிள் படித்த பண்டிதர் என்பது சம்பந்தி வீட்டு ஐதீகம். பாதிரியார் அறிவுக்குப் போட்டிருந்தது 'டிஜி'. ஏதோ பரவாயில்லை ரகம். சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வம்சாவளியில் கப்பல் உண்டு, தீவு உண்டு, அந்த மார்க் கிடையாது.

பேரப் பிள்ளைகளுக்காக என் பக்கத்தையும் சம்பந்தியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். குடும்பப் பெயர் இல்லாமல் அது யாரையும் உள்ளே விடாதாம். அதனால் மகளுடைய சர்நேமையே எங்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டார். என் அப்பாவும் தாத்தாவும் இப்போது என் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். முன்பின் தெரியாத இரண்டு மூன்று பேர் அதை நகலும் எடுத்தாயிற்று.

பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இனிஷியல் யாருடையது, எந்த ஊர், எந்தத் தாலுகா என்று எழுதிவையுங்கள். இரண்டு பிரதி எழுதுங்கள். இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம்.