கப்பலேறும் யோகம்

1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊர் தூத்துக்குடி. 2011 ஜூனில் இங்கிருந்து கொழும்புக்குக் கிளம்பிய ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ பயணிகள் கப்பல் நவம்பரிலேயே நின்றுபோனது. 2022-இல் சொகுசுக் கப்பல் புறப்பட்டதோ சென்னையிலிருந்து. ஆக, துறைமுகத்துக்காரர்களான நாங்கள் கப்பலேற முதலில் ரயிலேற வேண்டும்.

ஆட்டிசம் உள்ள மகனுக்குக் குக்கர் விசிலே ஆகாது. கப்பலில் பாதுகாப்பு ஒத்திகை என்று ஏழு சிறு சங்கும் ஒரு நெடுஞ்சங்கும் ஊதுவார்களாம். ஹெட்போன் மாட்டி, செல்போனில் அந்தச் சங்கைச் சன்னமாகப் போட்டுப் பழக்குகிறோம். அவன் பழகிவிட்டான், மாடிவீட்டு மாமாதான் “சுனாமியா?” என்று இறங்கி வருகிறார்.

பெரியம்மா, “பனிமய மாதாகிட்ட நேர்ந்துக்கோ, எல்லாம் சரியாயிரும்” என்கிறாள். மாதாவுக்கு ஏற்கெனவே முத்துக்குளித்துறை முழுக்கப் பொறுப்பு.

டிராவல் ஏஜென்ட் கப்பலின் பஃபே வகைகளை அடுக்கினார். மகன் தொடுவது ஒரே ஒரு கடையின் மக்ரூனைத்தான். “கடல் தெரியுற ரூம் போடட்டுமா சார்?” வேண்டாம், கடல் இங்கேயே ஓசி.