புழுவுக்கு எத்தனை அறிவு? ‘ட்ரெமர்ஸ்’ இரண்டாம் பாகத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்த தொல்காப்பியர், புல்லுக்கும் மரத்துக்கும் ஒன்று, நத்தைக்கு இரண்டு, கறையானுக்கும் எறும்புக்கும் மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு, விலங்குக்கு ஐந்து, மனிதனுக்கு ஆறு என்று கணக்கை முடித்துவிட்டுப் போனார். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் மண்ணுக்கடியில் ஓடி, ஆட்டையும் ஆளையும் அகப்பட்டால் காரையும் கீழே இழுத்துக்கொள்ளும் 30 அடிப் புழுவுக்கு எத்தனை அறிவு என்பதைத் தொல்காப்பியத்தின் மரபியல் சொல்லவில்லை. உரையாசிரியர்களும் தொடவில்லை. இந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். 1990இல் வந்த ‘ட்ரெமர்ஸ்’ படத்தையும், 1996இல் நேரடியாக வீடியோவில் வந்த அதன் இரண்டாம் பாகமான ‘ஆஃப்டர்ஷாக்ஸ்’ படத்தையும், பின்னால் வந்த ஐந்து பாகங்களையும் இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்த்தால் ஒரு விதி புலப்படும். பேய்ப்படத்தின் அடுத்த பாகத்துக்குக் காசு குறைந்தால் படம் கெடும் என்பது உலக வழக்கு. அது பிழை. காசு குறைந்த இடத்தில் முதலாக நிற்பது முந்தைய படத்தைப் பார்த்தவரின் ஞாபகம். அந்த ஞாபகத்தைப் பொய்யாக்கும் அளவுக்குத்தான் அடுத்த பாகம் தேறும். இதற்கு ‘பாடம் பொய்த்தல் விதி’ என்று பெயரிடலாம்.

முதலில் மூலநூல். எஸ்.எஸ். வில்சனும் பிரெண்ட் மேடாக்கும் எழுத, ரான் அண்டர்வுட் இயக்கிய முதல் படத்தின் செலவு சுமார் 1 கோடி டாலர். ஹாலிவுட் கணக்கில் அது பெரிய தொகையில்லை என்பதால் படைப்பாளிகள் ஒரு பேருண்மையைக் கண்டுகொண்டார்கள்: மண்ணுக்கு வாடகை கிடையாது. பூதம் தரைக்குக் கீழே ஓடுகிறது என்று ஒருமுறை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால், பிறகு வேலிக்கம்புகள் வரிசையாகச் சாய்ந்தால் போதும், வாசல் பலகைகள் ஒவ்வொன்றாக எம்பிக் குதித்தால் போதும், பார்ப்பவரே மீதிப் புழுவைத் தன் செலவில் தயாரித்துக்கொள்வார். வால்ட்டர் சாங் என்னும் மளிகைக் கடைக்காரர் ‘கிராபாய்ட்’ என்று பெயர் சூட்டிய இந்த உயிருக்குக் கண் இல்லை. நிலத்தின் அதிர்வே அதற்கு உலகம். எனவே பர்ஃபெக்‌ஷன் என்ற அந்தச் சிற்றூரின் மக்கள் கற்ற பாடங்கள் மூன்று. அசையாதே. பாறைமேல் நில். கூரைமேல் ஏறு.

இங்கே அறிவுக் கணக்கு சிக்கலாகிறது. தொடுவுணர்வும் சுவையும் மட்டுமே உள்ள உயிர் என்று கொண்டால் கிராபாய்ட் நத்தையோடு சேர்ந்து ஈரறிவில் அடங்கும். அதிர்வை அறிவதைக் கேள்வி என்று கொண்டால் ஒரே தாவலில் மேலே போய்விடும், ஆனால் இடையில் உள்ள பார்வை இல்லாமல் மேற்படிக்கு எப்படிப் போனது என்ற தடை எழும். இந்தத் தடையைப் படமே உடைத்துவிடுகிறது. புழு கூரைமேல் இருப்பவர்களைப் பிடிக்க முடியாதபோது வீட்டின் அடித்தளத்தைப் பெயர்க்கிறது. தப்பி ஓடும் வண்டியின் பாதையில் குழி பறித்து வைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கூட்டாளி வெடிகுண்டை விழுங்கிச் சிதறிய பிறகு, அடுத்த குண்டைத் துப்பிவிடுகிறது. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது மனத்தின் தொழில், மனமோ ஆறாம் அறிவு. ஆகவே கண்ணும் மூக்கும் இல்லாத ஆறறிவுயிர் ஒன்று உண்டு என்பது இவ்வாய்வின் முதல் முடிவு. பார்வையாளரும் இதையே நான்காவது பாடமாக மனத்தில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனார்: இந்தப் பூதம் யோசிக்கும்.

ஆறு ஆண்டுகள் கழித்து, சுமார் 40 லட்சம் டாலரில், வில்சனே இயக்குநராக அமர்ந்து எடுத்த இரண்டாம் பாகம் இந்த நான்கு பாடங்களையும் முதலில் பணிவோடு ஒப்பிக்கிறது. கதை மெக்சிகோவின் எண்ணெய் வயலுக்குப் போகிறது. முதல் படத்தில் புழுக்களை வென்றவர்களில் ஒருவராக, புழு ஒன்றுக்கு 50,000 டாலர் கூலி பேசி அழைக்கப்பட்ட ஏர்ல் பாசெட், பொம்மைக் காரில் வெடிமருந்தைக் கட்டி ஓடவிட்டு, அதிர்வுக்கு ஓடிவரும் கிராபாய்ட்களை வரிசையாகக் கொல்கிறார். வேட்டை ஏறக்குறைய அலுவலக வேலையாகிவிடுகிறது. தேர்வுத்தாள் முன்கூட்டியே கிடைத்த மாணவனின் மிதப்பில் பார்வையாளர் சாய்ந்து உட்காரும் நேரம் பார்த்து, ஒரு புழு வயிறு கிழிந்து வெறும் கூடாகக் கிடக்கிறது. உள்ளே இருந்தவை இரண்டு காலில் நடந்து போய்விட்டன. அவைதான் ஷ்ரீக்கர்கள். அவற்றுக்குக் காது கேளாது, அதிர்வும் தேவையில்லை. உடற்சூட்டை அறிந்து வரும். தின்றால் உடனே குட்டியைக் கக்கும். அசையாமல் நிற்பவனின் சூடு குறைவதில்லை, பாறைமேல் நின்றாலும் அப்படியே. முதல் மூன்று பாடங்களும் ஒரே நொடியில் செல்லாக்காசு.

நான்காம் பாடம் பொய்க்கும் இடம்தான் இப்படத்தின் சிகரம். ஷ்ரீக்கர்கள் வண்டி எஞ்சினைப் பிய்த்தெறிகின்றன, வானொலிக் கருவியை நாசமாக்குகின்றன. போக்குவரத்தையும் தகவல்தொடர்பையும் முதலில் அறுப்பது தேர்ந்த படைத்தளபதியின் உத்தி என்று எண்ணிக் கதைமாந்தர் நடுங்குகிறார்கள். முதல் படம் புழுவுக்கு ஆறாம் அறிவு உண்டென்று கற்றுக்கொடுத்திருப்பதால் நாமும் நடுங்குகிறோம். உண்மை பிறகு தெரிகிறது. எஞ்சின் சூடாக இருந்தது, அதனால் கடித்தன. அவ்வளவுதான். வடிகட்டிய மூடத்தனம் உத்தியின் வேடத்தில் வந்திருக்கிறது. எதிரியை முட்டாள் என்று எண்ணித் தோற்பவர்களைக் காட்டும் படங்கள் ஏராளம். எதிரியை அறிவாளி என்று எண்ணி ஏமாறுபவர்களைக் காட்டுவது அரிது. நாற்பது லட்சத்தில் இதைவிடப் பெரிய பிரமாண்டம் வாங்க முடியாது, காரணம் இதில் பெரும்பகுதி நம் மண்டையில் ஏற்கனவே எடுக்கப்பட்டுவிட்ட காட்சி.

இதே விதி பர்ட் கம்மர் என்ற மாந்தரிடமும் செல்லும். மைக்கேல் கிராஸ் நடித்த இந்தத் துப்பாக்கிப் பித்தர், முதல் படத்தில் தன் வீட்டு நிலவறைக்குள் புகுந்த புழுவை மனைவியோடு சேர்ந்து சுட்டே வீழ்த்தியவர். துப்பாக்கி போதாவிட்டால் இன்னும் பெரிய துப்பாக்கி என்பதே அவர் கற்ற பாடம். இரண்டாம் பாகத்தில் அதை மறக்காமல் மிகப்பெரிய துப்பாக்கியால் ஒரு ஷ்ரீக்கரைச் சுடுகிறார். குண்டு அதைத் துளைத்து, பின்னால் இருந்த சுவரைத் துளைத்து, தப்பிப்பதற்கென்று நின்ற ஒரே வண்டியின் எஞ்சினையும் துளைக்கிறது. கடைசியில் கைகொடுப்பது தோட்டா அல்ல, தீயணைப்புக் குப்பி. அதன் குளிர்ப்புகையை உடல்முழுக்க அடித்துக்கொண்டு, சூடில்லாப் பொருளாக மாறி, ஏர்ல் அந்தக் கூட்டத்தின் நடுவே நடந்துபோகிறார். முதல் படத்தில் உயிர்பிழைக்க மனிதன் அசையாக் கல்லாக வேண்டியிருந்தது. இரண்டாவதில் அவன் நடமாடும் பிணமாக வேண்டியிருக்கிறது.

இனிக் கடாவும் விடையும். முதல் படத்தின் நாயகன் கெவின் பேக்கன் இரண்டாவதில் இல்லையே, நாயகனில்லாத தொடர்ச்சி தலையில்லா முண்டமன்றோ எனின், அன்று. பிரெட் வார்ட் நடித்த ஏர்ல் முன்பு இரண்டாம் இடத்தில் நின்றவர். அவரை முதலிடத்துக்கு நகர்த்தியதும், ஒரு காலத்தில் பூதத்தை வென்றும் சம்பாதிக்கத் தெரியாமல் நெருப்புக்கோழி வளர்த்து நொடித்துப்போன நடுவயதுக்காரரின் கதை கிடைத்துவிடுகிறது. பணமில்லாப் படத்துக்குப் பணமில்லா நாயகன் என்பது பொருத்தமே. அஃதேல், 30 அடி இருந்தது ஆளுயரத்துக்கும் கீழே சிறுத்துப்போனது அச்சத்தைக் குறைக்காதோ எனின், யானையோடு ஓரிரவு தங்கியவரையும் கொசுக்களோடு ஓரிரவு தங்கியவரையும் விசாரித்து அறிக. பெரியதற்கு உள்ளிருந்து சிறியது வருவது உயிரியலுக்கு முரண் எனின், கம்பளிப்பூச்சியிடமிருந்து பட்டாம்பூச்சி வருவதை மறுக்காத உயிரியல் இதை மட்டும் மறுப்பது ஓரவஞ்சனை.

வலுவான தடை இனித்தான் வருகிறது. பாடம் பொய்ப்பதே சிறப்பென்றால், மூன்றாம் பாகம் இரண்டாவதை விஞ்ச வேண்டுமே? 2001இல் பிரெண்ட் மேடாக் இயக்கிய அந்தப் படத்தில் ஷ்ரீக்கர் மேலும் உருமாறி, தன் பின்புறத்தில் தீமூட்டி வானில் பறக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கிட்ட பெயரை ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதுவது முறையன்று. அது தின்றால் பெருகும் என்ற பழைய பாடத்தை நம்பி, உள்ளே இருக்கும் உணவு அதற்குக் கிடைத்துவிடக் கூடாதென்று பர்ட் தன் வீட்டையே வெடிவைத்துத் தகர்க்கிறார். பிறகுதான் தெரிகிறது, இந்த வகை வயிறு நிறைந்தால் தூங்கிவிடுமாம். விதிக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது என்பதை ஒப்புகிறோம். ஆயினும் படம் இரண்டாவதை எட்டவில்லை. காரணம், இதற்குள் பார்வையாளர் ஐந்தாம் பாடம் ஒன்றைக் கற்றுவிட்டார்: ஒவ்வொரு பாகத்திலும் பாடம் மாறும். மாறும் என்று எதிர்பார்ப்பவரை மாற்றத்தால் ஏமாற்ற முடியாது. ஞாபகம் என்ற முதலை ஒருமுறை முழுசாகச் செலவழிக்கலாம், இரண்டாம் முறை மிச்சத்தைத்தான் சுரண்டலாம்.

இந்த நெருக்கடியை உணர்ந்ததால்தான் 2004இல் வந்த நான்காம் பாகம் முன்னே போகாமல் 1889ஆம் ஆண்டுக்குப் பின்வாங்கியது. பர்ஃபெக்‌ஷன் ஊருக்கு அப்போது ‘ரிஜெக்‌ஷன்’ என்று பெயர். மைக்கேல் கிராஸே பர்ட்டின் முன்னோராக, துப்பாக்கியைப் பிடிக்கவும் தெரியாத கனவானாக வருகிறார். பாடத்தைப் பொய்யாக்க வழியில்லாதபோது, பாடம் தெரியாதவர்களைத் தேடிப் போவது நேர்மையான தந்திரமே. 2015, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் வந்த பாகங்களோ விதியை மாற்றாமல் விலாசத்தை மாற்றின. தென்னாப்பிரிக்கா, கனடாவின் வடகோடி, பிறகு ஒரு தீவு. பூதம் பெருத்தது, வேகம் கூடியது. அறிவு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வீடு மாற்றினால் குணம் மாறுமா? ஏழாம் பாகத்தில் பர்ட்டைச் சாகடித்துத்தான் ஒரு புதிய செய்தியைச் சொல்ல முடிந்தது.

ஆக, பெறப்படுவது இது. ஏழிலும் மண்ணின் அதிர்வுக்காக முதலாவதையும், மனத்தின் அதிர்வுக்காக இரண்டாவதையும் கொள்க. செலவில் பாதிகூட இல்லாத இரண்டாவது, முதலாவதோடு தோள்தொட்டு நிற்பது அது வாங்கிக் காட்டிய பொருளால் அன்று, நம்மிடம் இருந்ததை எடுத்து நமக்கெதிராகவே திருப்பியதால். அறிவுநிலைக் கணக்கையும் இத்துடன் மூடலாம். ஷ்ரீக்கருக்கு ஓரறிவே, சூட்டைத் தொடுவுணர்வாகக் கொண்டால் அது புல்லின் வகுப்பு. கிராபாய்டுக்கு ஆறு என்பதில் ஐயமில்லை. ஒருமுறை விழுங்கியது வெடித்ததைக் கண்டு மறுமுறை துப்பத் தெரிந்தது அதற்கு. அதே கதையை ஏழு முறை விழுங்கிய தயாரிப்பாளருக்கும், ஏழையும் பார்த்து முடித்து இக்கட்டுரையை எழுதியவருக்கும் எத்தனை அறிவு என்பது வேறோர் ஆய்வுக்கு உரியது.