தாம்பூலத்துக்கு ஒரு கூடை

கேள்வி: நவராத்திரி தாம்பூலத்துக்காக என் மனைவி குட்டி வயர் கூடைகளாகப் பின்னித் தள்ளுகிறார். கடையில் வாங்கினால் மலிவாயிற்றே?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: வயர் விலையை மட்டும் பார்த்தால் பின்னுவதுதான் மலிவு. கூலி போட்டுப் பார்க்காதீர்கள், உங்களுக்குக் கட்டுப்படியாகாது! சிவன் கண், நெல்லிக்காய் என்று பின்னலுக்குப் பின்னல் பெயர் உண்டு. நெல்லிக்காய் புடைத்துக்கொண்டு அழகாக நிற்கும். ஆனால் வயரை விழுங்கும். 2019 ஜனவரியில் தமிழக அரசு கேரி பேக்குக்குத் தடை போட்டதும், பரணில் கிடந்த அம்மாக்களின் கூடைகள் தூசி தட்டிக்கொண்டு காய்கறிக் கடைக்குக் கிளம்பின. இதுவும் பிளாஸ்டிக்தானே என்பீர்கள். ஆமாம், ஆனால் யாரும் ஒரே நாளில் தெருவில் வீசுவதில்லை. உங்களுக்கு ஒரே வேலைதான்: சுருளைப் பிரித்து, அளவு பார்த்து வெட்டிக் கொடுப்பது. ஒரு முழம் குறைத்து வெட்டினீர்களோ, ராத்திரிச் சாப்பாடு ஹோட்டலில்தான்.