சட்டைப் பையில் பௌர்ணமி

சென்னை மெட்ரோ நிலையத்துப் பாதுகாப்புச் சோதனையில், "பாக்கெட்ல என்ன சார்?" என்று கேட்டதும் முகம் மலர்கிற ஒரே பயணி இவர்தான். மற்றவர்கள் சாவி, சில்லறை, செல்போன் என்று தட்டில் கொட்டிவிட்டு நகர்வார்கள். இவர் பேன்ட் பையின் விளிம்பில் கிளிப் போட்டு மாட்டியிருக்கும் விரல் நீள உருளையை உருவி எடுப்பார்.

"டார்ச் லைட்."

"இத்தனூண்டா?" என்று காவலர் புருவத்தைத் தூக்கினால் போதும், பின்னால் நிற்கும் வரிசை இவர் கண்ணுக்குத் தெரியாது. "இத்தனூண்டுதான் சார். ஆனா ஆயிரம் லூமன்!" லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. காவலர் அதுவரை அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. இனிமேலும் கேட்க ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. "போங்க சார், போங்க."

அலுவலகத்தில் இவருக்கு லூமன் சார் என்றே பெயர். உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். மேஜைக்கடியில் உங்கள் பேனா மூடி உருண்டால், நீங்கள் குனிவதற்குள் ஒருவர் மண்டி போட்டுவிடுவார் அல்லவா, அவர்தான்.

இவருடைய அப்பாவும் டார்ச் வைத்திருந்தார். எவரெடி, ஜீப் காலத்து மூன்று கட்டை டார்ச். இரவில் தலைமாட்டில் இருக்கும். செல் தீரப்போகிறது என்றால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார். வாங்கப் போனபோது கடைக்காரரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "நல்லா எரியுமா?" எதிர்ச் சுவரில் அடித்துப் பார்த்தார், எரிந்தது, வாங்கினார். அதன் பிறகு சாகும்வரை டார்ச்சைப் பற்றி அவர் பேசியதாக யாருக்கும் நினைவில்லை. மகனோ வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை.

தவறிப்போய், "ஒரு சின்ன டார்ச் வாங்கலாம்னு இருக்கேன் சார். எது நல்லா இருக்கும்?" என்று இவரிடம் கேட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். அன்றைய மதியச் சாப்பாட்டு நேரம் போயிற்று.

"எதுக்கு வாங்கறீங்க?"

"வெளிச்சத்துக்குத்தான் சார்."

'பாட்டுன்னா எனக்கு எல்லாமே பிடிக்கும்' என்பவரைப் பார்த்துச் சங்கீத வித்வான் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "வெளிச்சம்னா எது? பரவுற வெளிச்சமா, பாயுற வெளிச்சமா? சுவிட்ச் பக்கவாட்டிலயா, பின்னாடியா? வெள்ளையா, மஞ்சளா? சரி, அதெல்லாம் அப்புறம். 18650 தெரியுமா?"

"எந்த ஊருக்குப் போற ரயில் சார்?"

அது பேட்டரி. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசியில் நிற்கும் சைபருக்கு உருளை என்று பொருள். இதைச் சொல்லிவிட்டு, 2008-இல் வந்த டெஸ்லாவின் ரோட்ஸ்டர் காரில் இதே அளவு பேட்டரிகள் 6,831 இருந்தன என்பார். கொஞ்சம் நிறுத்தி, பையைத் தட்டிக்காட்டி, "இங்க ஒண்ணு" என்பார். அடுத்தது 14500. பார்வைக்குச் சுவர்க் கடிகாரத்தில் போடுகிற செல்லேதான். ஆனால் அது ஒன்றரை வோல்ட், இது 3.7. தாங்காத டார்ச்சில் மாற்றிப் போட்டால் டார்ச்சுக்குக் காரியம் செய்துவிடலாம். விமானத்தில் போகும்போது உதிரி லித்தியம் பேட்டரியை லக்கேஜில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். நீங்கள் விமானத்தில் போவதாகச் சொல்லவே இல்லை. இருந்தாலும் சொல்வார்.

இடையில் ஒரு விஷயம் மட்டும் காது கொடுத்துக் கேட்கத் தக்கது. டார்ச் அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்களுக்கு எஃப்.எல்.1 என்று அமெரிக்காவில் 2009-இல் ஒரு தர அளவு வகுத்தார்கள். 'வீச்சு 200 மீட்டர்' என்று போட்டிருந்தால், 200 மீட்டர் தள்ளி விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ் என்று அர்த்தம். ஏறக்குறையப் பௌர்ணமி நிலா வெளிச்சம். அந்த வெளிச்சத்தில், நிற்பது மாடு என்று தெரியும். யார் வீட்டு மாடு என்று தெரியாது. 'ஐந்து மணி நேரம் எரியும்' என்பதிலும் உள்குத்து உண்டு. ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காக இறங்கும்வரை எரியும் நேரம் அது. கடைசி மணி நேரத்தில் நீங்கள் பிடித்திருப்பது மின்மினிப் பூச்சியாகக்கூட இருக்கலாம், கணக்கு கணக்குதான்.

இந்த ஞானத்தோடு அவர் ரிச்சி தெருவுக்குப் போனால் கடைக்காரர்களுக்குத்தான் தலைவலி. '80,000 லூமன்' என்று அச்சடித்த இருநூறு ரூபாய் டார்ச்சைக் கையில் எடுத்து, இது நியாயமா, இதில் எண்பது இருந்தாலே பெரிய விஷயம் என்று வாதாடுவார். கடைப் பையன் அசரவில்லை. "எழுதியும் இருக்கு, எரியவும் எரியுது சார். இருநூறு ரூபாய்க்கு இன்னும் என்ன வேணும்?" அப்பா கடைக்காரரிடம் கேட்ட கேள்வியும் இந்தப் பதிலும் ஒரே பள்ளிக்கூடம்.

ஆயிரம் லூமனுக்கு வருவோம். அதற்கு டர்போ என்று பெயர். பொத்தானை இரண்டு தட்டுத் தட்டினால் எதிர் மாடியில் காயும் துணியின் நூலை எண்ணலாம். ஆனால் ஒரு நிமிடம், போனால் இரண்டு நிமிடம். அதற்குள் அலுமினிய உடம்பு சூடாகி, தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். 1899-இல் டேவிட் மிசெல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய டார்ச்சும் நீடித்து எரியாது. அன்றைய பேட்டரிக்குத் தெம்பு இல்லாததால், பளிச்சென்று அடித்துவிட்டு ஓய்வு கொடுக்க வேண்டும். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆராய்ச்சி செய்து, லூமன் சார் கையிலும் பளிச்சென்று அடித்துவிட்டு ஓய்வு கொடுக்கும் டார்ச்தான் இருக்கிறது. இதை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

வீட்டில் நிலவரம் வேறு. கூரியர் வந்தால், "பழசுதாம்மா, உறை மட்டும் புதுசு" என்பார். மனைவிக்கு எல்லாம் தெரியும். ஒரு நாள், விளக்குகளின் நிறம் காட்டும் திறனைப் பற்றி அவருக்குப் பாடம் எடுத்தார் லூமன் சார். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.; அதன்மேல் மஞ்சள் பூச்சு. அந்த நீலத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு. மலிவான எல்.இ.டி.யில் சிவப்புப் போதாது, அதனால் நிறங்கள் செத்துத் தெரியும். சூரிய ஒளிக்கு நூற்றுக்கு நூறு, இவருடைய புது டார்ச்சுக்குத் தொண்ணூறுக்கு மேல் என்று விளக்கி முடித்தார்.

"ஏங்க, தி.நகர்ல புடவை எடுக்கும்போது நான் எதுக்கு ஒவ்வொண்ணா வாசலுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பாக்கறேன்னு நினைச்சீங்க? அரக்குன்னு எடுத்தது வீட்டுக்கு வந்தா காப்பிக்கொட்டை கலர்ல இருக்கும். இதுக்கு நோபல் பரிசு வாங்குனவர் வந்து சொல்லணுமா?"

லூமன் சார் அன்று அசந்துதான் போனார். அதற்காக வாசலுக்குப் போகும் வழக்கம் நிற்கவில்லை. இவருடைய டார்ச்சை நம்பி எந்தப் புடவையும் இதுவரை எடுக்கப்படவில்லை.

திருகாணி விவகாரம் இதைவிட மோசம். மகளின் தோட்டுத் திருகாணி கழன்று கூடத்தில் எங்கோ உருண்டுவிட்டது. தெருவில் தீப்பிடித்த மாதிரி ஓடி வந்தார் லூமன் சார். மேலிருந்து டர்போ. வழவழவென்ற டைல்ஸ் அத்தனை வெளிச்சத்தையும் அப்படியே வாங்கி எல்லோர் கண்ணிலும் திருப்பி அடித்தது. குழந்தை அழ, ஆளாளுக்குக் கண்ணைக் கசக்க, மாமியார் எழுந்து போய் ஃபிரிட்ஜ் மேலிருந்த பிளாஸ்டிக் டார்ச்சை எடுத்து வந்தார். அதைத் தரையிலேயே படுக்கவைத்து மெல்லத் திருப்பினார். சாய்வாகப் போகும் வெளிச்சத்தில் சின்னப் பொருளுக்கும் நிழல் நீளமாக விழும். சோபாவின் காலருகே அரைச் சாண் நிழலோடு திருகாணி உட்கார்ந்திருந்தது. "மாப்பிள்ளை லைட்டு ரொம்பப் பெருசு" என்றார் மாமியார், மரியாதையாகத்தான்.

இவருடைய உண்மையான துயரம் வேறு. இருட்டு கிடைப்பதில்லை. 2012-இல் தமிழ்நாட்டின் வெளிமாவட்டங்களில் நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் ஜனங்கள் விசிறியோடு திண்ணையில் கிடந்தார்கள். அந்த வருஷத்தை ஏக்கத்தோடு பேசும் ஒரே தமிழர் இவராகத்தான் இருக்கும். இப்போது சம்ப்பில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பதும், மீட்டர் பெட்டிக்குள் எண்ணைப் படிப்பதும், லிஃப்டுக்குப் பின்னால் பூனை குட்டி போட்டிருக்கிறதா என்று ஆராய்வதுமாகக் காலம் தள்ளுகிறார்.

எப்போதாவது குடியிருப்பில் கரண்ட் போகும். ஜெனரேட்டர் எடுக்கச் சுமார் பத்து வினாடி. லூமன் சாருக்கு வாழ்க்கை ஒதுக்கியிருக்கும் நேரம் அவ்வளவுதான். அதிலும் ஒரு சிக்கல். பையில் இருக்கும்போது பொத்தான் அழுந்தித் தானே எரிந்தால் துணி கருகிவிடும். அதனால் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்திருப்பார். இருட்டில் அதைத் திருகி இறுக்கி, பொத்தானைத் தேடிப் பிடிப்பதற்குள், பக்கத்து வீட்டுப் பையன் முதல் வாட்ச்மேன் வரை அத்தனை பேரும் செல்போன் விளக்கைப் போட்டிருப்பார்கள். ஐம்பது லூமன் பக்கம் வரும் விளக்கு. செல்லில் டார்ச் வைக்கும் பழக்கத்தை 2003-இல் வந்த நோக்கியா 1100 ஊர் ஊராகப் பரப்பியபோதே இவர் கதை முடிந்துவிட்டது, அவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

எனக்கு அவரைப் பிடிக்கும். குடிக்கிறவரோ சீட்டாடுகிறவரோ இல்லை. தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் சங்கச் செயலாளரைவிட நம்பகமானவர். உங்களுக்கு டார்ச் வேண்டுமென்றால் அவர் சொல்வதில் கால்வாசியை எடுத்துக்கொள்ளுங்கள்: பை கனக்காத அளவு, ஒரே பொத்தான், போட்டதும் குறைந்த வெளிச்சத்தில் தொடங்கும் வகை, பெட்டிக் கடையிலும் கிடைக்கும் செல், அல்லது செல்போன் சார்ஜரிலேயே ஏறும் பேட்டரி. வாங்கியதை அவரிடம் காட்ட வேண்டாம்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை அவர் பக்கத்தில் இருக்கும்போது கரண்ட் போனால், அவசரப்பட்டுச் செல்போனை எடுக்காதீர்கள். மூடியைத் திருக அவருக்கு நான்கு வினாடி கொடுங்கள். கண்ணை மட்டும் மூடிக்கொள்ளுங்கள், டர்போவில்தான் ஆரம்பிப்பார்.