பாசி வளர்ப்பு

இலத்தூரில் எங்கள் வயலை ஒட்டி 5 சென்டில் ஒரு குட்டை வெட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வரப்பில் உட்கார்ந்து தூண்டில் போட்டு, மத்தியானம் குழம்பு வைக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான். கட்லா, ரோகு, மிர்கால் என்று 200 குஞ்சு விட்டேன். இரண்டு மாதத்தில் நான் விடாத ஒன்று செழித்து வளர்ந்திருந்தது.

பாசி. பச்சைப் பட்டுநூலைச் சிக்கெடுக்காமல் போட்டதுபோல் கிடந்தது. கையில் எடுத்தால் வழுவழுவென்று நழுவும். தூண்டிலைப் போட்டால் தக்கை மெத்தையில் சாய்ந்த மாமனார் மாதிரி அதன்மேல் படுத்துக்கொள்ளும். தங்கூசியை இழுத்தால் முள்ளில் அரைக் கிலோ பச்சை இடியாப்பம்.

ஸ்பைரோகைரா. பள்ளிக்கூடத்தில் படம் வரைந்திருக்கிறேன். ஒவ்வோர் இழைக்குள்ளும் பச்சை நாடா சுருள்சுருளாக ஓடும். என் படத்தில் அது கொசுவர்த்திச் சுருள் மாதிரி இருந்தது. அந்தக் கோபத்தை இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்திருக்கிறது.

பக்கத்து வயல் அண்ணாச்சி ஒரே பார்வையில் காரணம் கண்டுபிடித்தார். "எங்கெங்கேயோ இருந்து நம்ம மதுநாத சுவாமி கோயில் சனீஸ்வரனைக் கும்பிட வாரானுவ. உள்ளூர்க்காரரு, நீரு என்னைக்காவது போனீரா வேய்?" போனேன். எள் விளக்கும் போட்டேன். பாசி சனிக்கிழமையும் வளர்ந்தது.

மைத்துனன் மயில்துத்தம் என்றான். "கரைச்சு ஊத்துங்க அத்தான், ரெண்டு நாள்ல காணாமப் போயிரும்." போகும்தான். செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீனும் சேர்ந்து போய்விடும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த தண்ணீரில் துத்தமே மீனுக்கு விஷம். இதை அவனிடம் விளக்கவில்லை. தீபாவளிக்கு அங்கேதானே போகவேண்டும்.

அடுத்து புல்கெண்டை. 1959-இல் ஹாங்காங்கிலிருந்து கட்டாக்குக்கு வந்து இறங்கிய இனம், பாசியை மேய்ந்துவிடும் என்றார்கள். பத்து வாங்கி விட்டேன். வேலம்பாசி என்றால் வெளுத்துக் கட்டுமாம். என் வழுக்குப்பாசியை முகர்ந்து பார்த்துவிட்டு, புதுமாப்பிள்ளை பழைய சோற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தது. மாட்டுக்கு அறுத்த புல்லைப் போட்டால் மட்டும் ஓடிவரும். தின்றதில் பாதி செரிக்காமல் வெளியே வந்து, தண்ணீருக்கு உரமாகிவிடும். பாசிக்கு அது கறிவிருந்து.

உரம் என்றதும்தான் எனக்கு உறைத்தது. மீன் கொழுக்கட்டும் என்று வாரம் ஒரு கூடை சாணம், அதற்குமேல் தவிடு, கடலைப் புண்ணாக்கு என்று கொட்டியது யார்? மழை பெய்தால் வயலில் போட்ட யூரியாவும் டி.ஏ.பி.யும் வடிந்து வந்து சேர்வதும் அதே குட்டைக்குத்தான். இத்தனை நாளும் நான் பாசிக்குப் பந்தி பரிமாறிவிட்டு, நடுவில் மீனைத் தேடியிருக்கிறேன்.

கொட்டுவதை நிறுத்தினேன். ஆனால் ஆனிச் சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்துக்கு வந்தவர்களுக்கு அது கொண்டாட்டம்; என் மீனுக்குத் திண்டாட்டம். பாசி பகலில் வெயில் இருந்தால்தான் ஆக்சிஜன் விடும். இரவில் அதுவும் மூச்சு வாங்கும். நாலு நாள் மூட்டம் போட்டால், விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். டார்ச்சும் வாளியுமாய், ஐந்து மணிக்குத் தண்ணீரை மொண்டு மொண்டு அதிலேயே ஊற்றிக்கொண்டு நின்றேன். பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

கடைசியில் உதவிக்கு வந்தது ஆரியங்காவுக் கணவாய்க் காற்றுதான். மேற்கே இருந்து அடித்த அடியில் பாசி முழுக்கக் கீழ்க்கரையில் ஒதுங்கிவிட்டது. மூங்கில் கழியை விட்டுச் சுற்றினால் பஞ்சுமிட்டாய் மாதிரி சுருண்டு வந்தது. மூன்று நாள் அள்ளினேன். இரண்டு தடவை உள்ளே விழுந்தேன். அள்ளியதைத் தென்னை மூட்டில் போட்டேன்.

அது போன வருஷம். இந்த வருஷம் தென்னையில் நல்ல காய்ப்பு. நேற்றும் தூண்டிலோடு வெறுங்கையாய் வந்தேன். அம்மியடியில் தேங்காய்த் துருவலோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"கொழம்புக்குத் தேங்கா நம்ம குளத்துப் பாசி குடுத்தது. மீனைத் தென்காசி மார்க்கெட்டுல போயி வாங்கிட்டு வாங்க."